பெட்டி ஆபீசர்

எங்க தாத்தா நேவியில் பதினைந்து வருஷம் இருந்தவர். 1971 போர் நடந்தபோது ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலில் இருந்தார். இதைச் சொன்னதும் நம்ம கிளாஸ் பசங்க கேட்கிற முதல் கேள்வி, "அப்போ சண்டையை நேர்ல பார்த்திருக்காரா மச்சி?" என்பதுதான். பார்க்கவில்லை மக்களே. அந்தப் போரில் ஒரு விமானம் கிளம்பினதைக்கூட அவர் பார்க்கவில்லை. அவர் வேலை பார்த்தது பாய்லர் ரூமில். கப்பலின் அடிவயிற்றில், ஜன்னல் இல்லாத இடம்.

போன புரட்டாசியில் தாத்தா இறந்துபோனார். எழுபத்தேழு வயசு. அப்போதே எழுத நினைத்தேன். செமஸ்டர், அரியர் (ஒன்றே ஒன்றுதான், காஸ்ட் அக்கவுண்டிங், அந்தக் கதை இப்போது வேண்டாம்) என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன ஊர். தாமிரபரணித் தண்ணீர், வயல், வயலை விட்டால் அரிசி மில். வீட்டுக்கு மூத்த பையன், குத்தகை வயல், கீழே நாலு பேர். 1965இல் பதினெட்டு வயசில் நேவிக்குப் போனார். அதுவரை அவர் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, திருச்செந்தூரில். நேவியில் சேர்ந்த பிறகும் உடனே கடல் கிடைக்கவில்லை. ஸ்டோக்கர் பயிற்சிக்கு லோனாவாலாவில் இருக்கிற ஐ.என்.எஸ். சிவாஜிக்கு அனுப்பினார்கள். பெயர்தான் கப்பல் பெயர் மாதிரி. இருப்பது மலை மேல்! "கப்பலுக்குப் போறேன்னு சொல்லிட்டு மலை ஏறுனேன்லே" என்று தாத்தா சிரிப்பார்.

ஸ்டோக்கர் என்றால் அந்தக் காலத்துக் கப்பல்களில் கரி அள்ளிப் போடுகிறவர். தாத்தா காலத்தில் கரி போய் ஃபர்னஸ் ஆயில் வந்துவிட்டது. ஆனாலும் பெயர் மட்டும் ஸ்டோக்கர்தான். பாய்லரில் தண்ணீர் மட்டம், நெருப்பு, நீராவி அழுத்தம் இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கப்பலில் நல்ல தண்ணீர் முதலில் பாய்லருக்கு, அதற்கு அப்புறம்தான் மனுஷனுக்கு என்பார். குளிக்கிற தண்ணீரைக் குறைத்தாவது பாய்லருக்குக் கொடுப்பார்களாம்.

படிப்படியாக ஏறி கடைசியில் பெட்டி ஆபீசர் ஆனார். ஊரில் இதை யாருக்கும் விளக்க முடியவில்லை. "பொட்டிக் கடையா, ஆபீசா?" என்று கேட்டார்களாம். கடைசி வரை ஊரில் அவருக்குப் "பெட்டி ஆபீசர்" என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதற்கேற்ற மாதிரி கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்றும் வைத்திருந்தார். வெள்ளை பெயிண்டில் பெயரும் நம்பரும். இந்தப் பெட்டி பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விக்ராந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிட்டனில் கட்டிக்கொண்டிருந்த கப்பல் அது. உலகப்போர் முடிந்ததும் பாதியில் நின்றுவிட்டது. இந்தியா 1957இல் வாங்கி, வேலையை முடித்து, 1961 மார்ச்சில் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் வைத்து விக்ராந்த் என்று கொடியேற்றியது. நமது முதல் விமானந்தாங்கிக் கப்பல். உள்ளே நாலு பாய்லர்கள். 1971 தொடங்கும்போது அதில் ஒன்றில் விரிசல். 24 நாட்டுக்கு மேல் போகக்கூடிய கப்பல், 16 நாட் அளவில்தான் போகலாம் என்ற நிலை.

இதனால் என்ன என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அந்த மாதிரிக் கப்பலில் ஓடுபாதை சின்னது. விமானம் ஏற வேண்டும் என்றால் கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓட வேண்டும். காற்றும் வேகமும் சேர்ந்துதான் விமானத்தைத் தூக்கும். வேகம் இல்லாவிட்டால் காற்றடிக்கிற நாளாகப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் கப்பலைப் போருக்கு அனுப்பலாமா என்றே பெரிய விவாதம் நடந்திருக்கிறது. கடைசியில் வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார்கள். டிசம்பர் 4ஆம் தேதி அதிலிருந்து போன சீஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. பிறகு சிட்டகாங். கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

தாத்தா சொன்னது புத்தகத்தில் இல்லாதது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, "நீங்க ஒண்ணுமே பார்க்கலைன்னா சண்டை நடக்குதுன்னு எப்படித் தாத்தா தெரியும்?" என்று கேட்டேன். கொஞ்சம் நக்கலாகத்தான் கேட்டேன். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார். "முள்ளு இருக்கு பாரு, அந்த மாதிரி பிரஷர் காட்டுற கேஜுல ஒரு முள்ளு. மேல பிளேனை உண்டிவில்லுல கல்லு விடுத மாதிரி தள்ளிவிடும் ஒரு மெஷின். அது ஓடுறதும் எங்க நீராவிலதான். ஒவ்வொரு தடவை பிளேன் போவும்போதும் முள்ளு கொஞ்சம் கீழ இறங்கும். உடனே நெருப்பைக் கூட்டி முள்ளை மேல ஏத்தணும். அப்படியே எண்ணிக்கிட்டே இருப்பேன். ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"திரும்பி வரும்போது?"

"போறதுதான் முள்ளுல தெரியும். வாறது தெரியாதுலே."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டேன்.

மேற்கே அரபிக்கடலில் டிசம்பர் 9 அன்று ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியது. டியூ அருகே பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹங்கோர் அடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். தாத்தாவோடு லோனாவாலாவில் படித்த ஒருவர் அதில் இருந்தார். அவரைப் பற்றித் தாத்தா சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "நல்லாப் புட்டு அவிப்பான்." ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 4 கடற்படை தினத்துக்குத் தாத்தா சட்டையில் பூர்வி ஸ்டாரும் சங்கிராம் மெடலும் குத்திக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். டிசம்பர் 9 அன்று சாயங்காலம் டிவி போடமாட்டார். அவ்வளவுதான்.

சரி, இனி வீட்டு விஷயம். இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது, நடந்ததுதானே" என்றார்.

அப்பா பிறந்தது 1971 நவம்பரில். தாத்தா அப்போது எங்கே இருந்தார்? அந்தமானில். விக்ராந்தை அங்கே போர்ட் எக்ஸ்ரே என்று பெயர் வைத்த ஒரு மறைவிடத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். காஜி என்கிற பாகிஸ்தான் நீர்மூழ்கி விக்ராந்தைத் தேடிக் கிளம்பியிருந்தது. கிழக்குப் பிராந்தியத்தின் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர் (தாத்தாவுக்கு இதில் தனிப் பெருமை). விக்ராந்த் விசாகப்பட்டினம் பக்கம்தான் இருக்கிறது என்று எதிரி நம்பும்படி பல ஏற்பாடுகள் செய்தார். பழைய நாசகாரிக் கப்பல் ராஜ்புத் விக்ராந்த் மாதிரி நடித்து ரேடியோவில் பேசியது. பெரிய கப்பலுக்கு ஆகிற அளவு ரேஷன் ஆர்டர் போனது. இன்னொன்றும் செய்திருக்கிறார்கள். விக்ராந்தில் இருக்கிற ஒரு மாலுமி, உடம்பு முடியாத தன் அம்மாவைப் பற்றி விசாரித்துத் தந்தி அடிப்பது போல ஒரு தந்தி. எதிரி ஒட்டுக்கேட்கட்டும் என்றே, ரகசியக் குறியீடு இல்லாமல் அனுப்பியது. கிருஷ்ணனே பின்னால் எழுதிய புத்தகத்தில் இது இருக்கிறது.

டிசம்பர் 3 ராத்திரிக்கும் 4 விடியலுக்கும் நடுவில் காஜி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. ராஜ்புத் போட்ட குண்டால் என்று நாம் சொல்கிறோம். விபத்து என்று அவர்கள் சொல்கிறார்கள். உள்ளே தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்தத் தந்தி விஷயத்தை நான் படித்தது தாத்தா இறந்த பிறகுதான். படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அந்த மாதத்தில் ஒரு தந்தி உண்டு. ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று ஆச்சியின் அப்பா கொடுத்த தந்தி. பம்பாய் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் முகவரிக்குப் போனது. கப்பல் எங்கே இருக்கிறது என்பதே ரகசியம் என்றால் கடிதமும் தந்தியும் என்ன செய்யும், தேங்கித்தானே கிடக்கும். டிசம்பர் கடைசியில் மொத்தமாக ஒரு கட்டுக் கடிதம் வந்தபோது அதற்குள் இருந்தது. இல்லாத மாலுமியின் தந்தி சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இருந்த மாலுமிக்கு வந்த தந்தி ஒரு மாசம் மூட்டைக்குள் கிடந்திருக்கிறது. தாத்தாவிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அப்பாவுக்குத் தாத்தா மேல் ஒரு கசப்பு உண்டு. சண்டை எல்லாம் கிடையாது. மருந்து, மாத்திரை, ஆஸ்பத்திரி எல்லாம் அப்பாதான் பார்த்தார். ஆனால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. "நான் பிறந்ததே அவருக்கு ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரியும்" என்பார் அப்பா. பல் விழுந்தபோது இல்லை, மஞ்சள் காமாலை வந்தபோது இல்லை, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை மீட்டர்கேஜ் ரயிலில் அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்குவார். நாலு வயசில் அவரைப் பார்த்து, "அம்மா, யாரோ வந்திருக்காவ" என்று உள்ளே ஓடினாராம் அப்பா. ஆச்சி இதை எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வாள். அப்பா அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவார்.

1980இல் தாத்தா பென்ஷனோடு ஊருக்கு வந்துவிட்டார். முப்பத்துமூன்று வயசு. பக்கத்து ஊர் அரிசி மில்லில் பாய்லர் வேலை. நெல் அவிக்க நீராவி. "அங்க எண்ணெய், இங்க உமி. தண்ணியும் நெருப்பும் ஒண்ணுதான்" என்பார். அதற்குப் பிறகு அவர் ஒரு நாள்கூட வெளியூரில் தங்கவில்லை. கல்யாண வீடாக இருந்தாலும் ராத்திரி பஸ் பிடித்து வந்துவிடுவார்.

நான் பார்த்த தாத்தா இந்த மில் தாத்தாதான். காது சரியாகக் கேட்காது, அதனால் சத்தமாகப் பேசுவார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னால் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பார். பாய்லர்க்காரருக்குத் தண்ணீர் மட்டம்தான் முதல் பயம். மட்டம் இறங்கினால் குழாய் கருகும், பாய்லர் வெடிக்கும். தொட்டி வெடிக்காது தாத்தா என்று நான் சொன்னால் கேட்கமாட்டார். ஆச்சியின் பிரஷர் குக்கர் அவருக்கு இன்னொரு பாய்லர். தினமும் காலையில் ஈர்க்குச்சியால் மூடி ஓட்டையைக் குத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற விடுவார். ஒரு தடவை சேஃப்டி வால்வு போனபோது ஆச்சி ஏதோ கடை வால்வைப் போட்டுவிட்டாள். வீட்டில் இரண்டு நாள் சமையல் இல்லை! "கப்பல்ல ஆயிரம் பேர் உசிரை வச்சிருந்தேன். ஒரு குக்கர்ல போறதுக்கா?" என்று கத்தினார். "ஆமா, கப்பல்ல இருந்தாவ. வீட்ல எங்க இருந்தாவ" என்றாள் ஆச்சி. விளையாட்டாகத்தான் சொன்னாள். தாத்தா பதில் சொல்லாமல் டவுனுக்குப் போய் சரியான வால்வு வாங்கி வந்தார்.

விக்ராந்த் 1997இல் ஓய்வு பெற்றது. பல வருஷம் மும்பையில் மியூசியமாக நின்றது. 2014இல் ஏலத்தில் 60 கோடி ரூபாய்க்குப் போய், உடைத்தார்கள். (டிப்ரிசியேஷன் கணக்கில் ஸ்கிராப் வேல்யூ என்று வரும்போதெல்லாம் எனக்கு இந்த 60 கோடிதான் ஞாபகம் வரும்.) 2016இல் பஜாஜ் அந்த உலோகத்தைச் சேர்த்து வி என்று ஒரு பைக் கொண்டுவந்தது. பேப்பரில் பார்த்துவிட்டுத் தாத்தா, சித்தப்பாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு திருநெல்வேலி ஷோரூமுக்குக் கிளம்பிவிட்டார்.

"பெட்ரோல் டேங்க்ல விக்ராந்த் மெட்டல் இருக்கு சார்" என்றார் சேல்ஸ்மேன்.

"எந்த இடத்து மெட்டல்?"

"கப்பல் மெட்டல் சார்."

"அது சரி தம்பி. மேல்தளமா, கீழயா?"

அந்தத் தம்பி பாவம், முழித்தார். தாத்தா டேங்க் மேல் உள்ளங்கையை வைத்தார். விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிக் குனிந்து கேட்டார். கேட்காத காதுக்கு என்ன கேட்டதோ. "பாய்லர் தகடு இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். சித்தப்பாவுக்குப் பணம் புரளாததால் வண்டி வாங்கவில்லை.

2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் புதிய விக்ராந்த் கடற்படையில் சேர்ந்ததை டிவியில் சேர்ந்து பார்த்தோம். "இதுல பாய்லரே கிடையாது தாத்தா, நாலு கேஸ் டர்பைன்" என்று காதருகில் கத்தினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கீழ யாரு இருப்பா?" என்றார்.

கடைசியாக நான் அவரோடு பேசியது போனில். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "யாரு... யாரு..." என்றே கேட்டுக்கொண்டிருந்தார். ஹாஸ்டலில் எல்லோரும் பார்க்கிற மாதிரி கத்த வெட்கமாக இருந்தது. நாளைக்குக் கூப்பிடலாம் என்று வைத்துவிட்டேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத முடியவில்லை.

காரியம் முடிந்து ஆச்சிக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. பி.காம். படிக்கிறான் அல்லவா! ஒரு பேப்பரில் ஆச்சி பெயர் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. அந்த அலைச்சலை விடுங்கள். பி.பி.ஓ. நம்பரும் டிஸ்சார்ஜ் புத்தகமும் தேடித்தான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவை மேலேயே இருந்தன. அடியில் ஏழு கணக்கு நோட்டு.

தாத்தா கணக்கு எழுதுவார் என்பது யாருக்கும் தெரியாது. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. எங்கள் ஹெச்.ஓ.டி. பார்த்தால் மகிழ்ந்துபோவார். மாதாமாதம் முதல் செலவு "வீட்டுக்கு மணியார்டர்". அடுத்து "மணியார்டர் கமிஷன்". தங்கச்சி கல்யாணம், அப்பாவுக்குச் சட்டைத் துணி, ஆச்சிக்கு ஒரு வாட்ச். தனக்கென்று சோப்பு, பிளேடு, எப்போதாவது சினிமா. 1971 நவம்பர், டிசம்பர் பக்கங்கள் காலி. ஜனவரியில் முதல் வரி: "கிலுகிலுப்பை ரூ. 2."

1979ஆம் வருஷ நோட்டில் நடுப்பக்கத்தில் கோடு போட்டு இரண்டு பத்தி. ஒன்றுக்குத் தலைப்பு "இருந்தால்". இன்னொன்று "வந்தால்". நேவியில் தொடர்ந்து இருந்தால் கிடைக்கிற சம்பளம், அடுத்த பதவி, கூடுகிற பென்ஷன் எல்லாம் ஒரு பக்கம். வந்தால் கிடைக்கிற பென்ஷன், மில் சம்பளம் மறுபக்கம். இரண்டையும் கூட்டிக் கழித்து அடியில் வித்தியாசம் போட்டிருந்தார். இருந்தால் மாதம் 280 ரூபாய் அதிகம். அந்தக் காலத்தில் அது எங்கள் வீட்டுக்குப் பெரிய பணம். அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. இரண்டு தடவை கோடு இழுத்திருக்கிறார்.

"வந்தால்" பத்தியில் கடைசியாக ஒரு வரி. அதற்கு நேரே தொகை எதுவும் இல்லை. "பையன் 3ஆம் வகுப்பு" என்று மட்டும் இருந்தது.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். எங்க தாத்தா பென்ஷன் வந்ததும் வேறு வழியில்லாமல் வந்தவர் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்பா பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் கூட்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை கூட்டினார். "கூட்டல் சரியாத்தான் இருக்கு" என்றார். நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனார். அது பெட்டிக்குத் திரும்பி வரவில்லை. அப்பாவின் பீரோவில் இருக்கிறது என்று நினைக்கிறேன், சாவி அவரிடம்.

ஆச்சிக்குப் போன மாசம்தான் முதல் பென்ஷன் பணம் ஏறியது. இந்தத் தடவை ஊருக்குப் போயிருந்தபோது காலையில் எழுந்து வந்து பார்க்கிறேன், அப்பா அடுப்படியில் நின்றுகொண்டு குக்கர் மூடியை ஈர்க்குச்சியால் குத்திக்கொண்டிருந்தார்.